போதும் மாமாவின் மே மாதம்

உலகத்தில் பிறந்த எல்லாருக்கும் ஏதாவது ஒன்று போதாமல்தான் இருக்கிறது. சிலருக்குப் பணம், சிலருக்குப் புகழ், சிலருக்குத் தலைமுடி. எனக்குத் தெரிந்து எல்லாமே போதும் என்று சொல்லிக்கொண்டு இந்தப் பூமியில் நடமாடியவர் ஒரே ஒருவர்தான். அவரும் ஆம்பூரில், எங்கள் தெருவில், எங்கள் அம்மாவின் தம்பியாக வந்து பிறந்தார். ஞானஸ்நானத்தில் அவருக்கு வைத்த பெயர் ஒன்று உண்டு. அது அவருடைய ஆதார் அட்டைக்கு மட்டும்தான் தெரியும். ஊருக்கு அவர் போதும் மாமா.

பெயர் வந்த கதையை முதலில் சொல்லிவிடுகிறேன். ஆம்பூரில் பிரியாணியைப் பாதியில் நிறுத்துகிறவனை மனிதக் கணக்கிலேயே சேர்க்க மாட்டார்கள். ஒரு கல்யாண வீட்டில் பரிமாறுகிறவர் முதல் கரண்டியை வைத்துவிட்டு இரண்டாவதை அள்ளும்போதே மாமா இலையைக் கையால் மூடிக்கொண்டு போதும் என்றார். பரிமாறியவர் பதறிப்போய்ச் சமையல் மாஸ்டரைக் கூட்டி வந்தார். மாஸ்டர் பெண்ணின் அப்பாவைக் கூட்டி வந்தார். பெண்ணின் அப்பா மாமாவின் கையைப் பிடித்துக்கொண்டு, கறி வேகவில்லையா, உப்பு ஜாஸ்தியா, இல்லை மாப்பிள்ளை வீட்டார் ஏதாவது பேசிவிட்டார்களா என்று கண்கலங்கக் கேட்டார். மாமா சாவகாசமாக, மனிதனுடைய வயிறு ஒரு கைப்பிடி அளவுதான், அதற்கு மேல் போடுவதெல்லாம் பேராசை என்று அந்தப் பந்திக்கே ஒரு பிரசங்கம் செய்தார். அன்றைக்கு ஒட்டிய பெயர், இன்றுவரை உரியவில்லை.

இந்தப் பழக்கத்தால்தான் அவருக்குக் கல்யாணமும் ஆகவில்லை என்று ஒரு பேச்சு உண்டு. வாணியம்பாடியில் பெண் பார்க்கப் போனார்களாம். பெண் நன்றாகத்தான் இருந்தாளாம். பெண்ணின் அம்மா இன்னும் கொஞ்சம் கேசரி வைக்க வந்தபோது இவர் வழக்கம்போலத் தட்டை நகர்த்திப் போதும் என்றிருக்கிறார். அவர்கள் அதைப் பெண்ணுக்குச் சொன்ன பதிலாக எடுத்துக்கொண்டு எழுந்து உள்ளே போய்விட்டார்கள். மாமா அதற்கப்புறம் விளக்கம் சொல்லப் போகவில்லை, வேறு பெண் பார்க்கவும் போகவில்லை.

அவர் தோல் பதனிடுகிற ஒரு ஷாப்பில் டைம் ஆபீஸில் இருந்தவர். தொழிலாளிகள் உள்ளே வருகிற நேரம், வெளியே போகிற நேரம், சம்பளம், பிடித்தம் எல்லாம் அவர் கையில் இருந்தது. ரிட்டயர் ஆன பிறகு எங்கள் தெருவுக்குப் பின்னால் ஒரு மாடி அறையில் குடியிருந்தார். சோப்பை நூலால் நான்காக அறுத்து ஒரு துண்டைத்தான் வெளியே எடுப்பார். டீக்கடையில் அரை கிளாஸ் டீ வாங்குவார். பஸ்ஸில் ஒரு ஸ்டேஜ் முன்னாலேயே இறங்கி மிச்சத்தை நடந்து தீர்ப்பார். செய்தித்தாளில் பெயர் வாங்கிய எங்கள் பக்கத்து வெயிலில் ஃபேனை ஒன்றாம் நம்பருக்கு மேல் வைக்க மாட்டார். அந்த ஃபேன் சுற்றுகிறதா நிற்கிறதா என்று தெரிந்துகொள்ள ஏதாவது ஒரு இறக்கையைக் குறிவைத்து உற்றுப் பார்க்க வேண்டும். காலையிலும் மத்தியானமும் அவரே ஏதோ பொங்கிச் சாப்பிட்டுக்கொள்வார். ராத்திரிக்கு என் தங்கை ஜெனி வீட்டிலிருந்து டிபன் கேரியர் போகும்.

ஜெனி ஷூ கம்பெனியில் ஸ்டிச்சிங் லைனில் இருக்கிறாள். கல்யாணத்துக்கு முன்பே சேர்ந்தவள். அவள் கணவன் சகாயம் பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறவர். அதிகம் பேசாத மனிதர். ஹாரன்கூட யோசித்துத்தான் அடிப்பார். அவர்களுக்கு பிளெஸ்ஸி என்று ஒரு பெண். நான் அடுத்த வாசலில் குடியிருக்கிறேன். அதனால் எனக்கு எந்தச் சண்டையும் தவறியதில்லை.

சண்டை என்றால் ஞாயிற்றுக்கிழமைச் சண்டை. ஆராதனை முடிந்ததும் மாமா நேராக ஜெனி வீட்டுக்கு வருவார். ஆராதனையில் அடக்கி வைத்திருந்த பேச்செல்லாம் அங்கேதான் வெளியே வரும். ஏப்ரல் மாதக் கடைசி ஞாயிறு அன்று, அரசாங்கம் குறைந்தபட்சக் கூலியைக் கொஞ்சம் ஏற்றியிருக்கிறது என்று ஜெனி யதார்த்தமாகச் சொன்னாள். ஏற்றி என்ன பிரயோசனம், இதில் எப்படிக் குடித்தனம் பண்ணுவது என்றும் கூடவே சொல்லிவிட்டாள். மாமா மோர் டம்ளரைக் கீழே வைத்தார். அவர் டம்ளரைக் கீழே வைத்தால் நாங்கள் எல்லாரும் சௌகரியமாகச் சாய்ந்து உட்கார்ந்துகொள்வோம்.

"கவர்மென்ட்டு சும்மா ஒரு நம்பரப் போடுமா? அரிசி இன்னா வெல, துணி இன்னா வெல, எல்லாம் பாத்துதான் போடறான். மினிமம்னா இன்னா அர்த்தம்? ஒரு குடும்பம் வாழறதுக்குப் போதும்னு அர்த்தம்."

"மினிமம்னா அதுக்குக் கீழ குடுத்தா கேஸுன்னு அர்த்தம், மாமா. போதும்னு எங்க எழுதியிருக்குது? நான் சேந்து இத்தினி வருஷம் ஆவுது. நேத்து சேந்த பொண்ணுக்கும் அதே சம்பளம், எனக்கும் அதே சம்பளம். பேருதான் மினிமம். எங்க லைன்ல அதான் மாக்சிமம்."

மாமா விடவில்லை. அன்றைக்கு மத்தியானம் முழுக்க இருவரும் மாறிமாறிப் பேசினார்கள். சிக்கனம் தெரியாததால்தான் போதவில்லை என்றார் மாமா. ஒண்டிக்கட்டைக்கு என்ன தெரியும் என்றாள் ஜெனி. அப்படியானால் ஒரு மாதம் உன் சம்பளத்தை என் கையில் கொடு, நான் இந்தக் குடும்பத்தை நடத்திக் காட்டுகிறேன் என்றார் மாமா. நானும் பக்கத்து வீட்டுக்காரர்களும் கைதட்டிவிட்டோம். அப்புறம் யார் பின்வாங்குவது?

மாதமும் தோதாக அமைந்தது. மே மாதம் பள்ளிக்கூடம் லீவு, வேன் ஓடாது, சகாயத்துக்குச் சம்பளம் கிடையாது. வீட்டில் ஜெனி சம்பளம் ஒன்றுதான் வரும். அவள் ஒரே ஒரு நிபந்தனை போட்டாள். யாரையும் பட்டினி போட்டு ஜெயிக்கக் கூடாது, நாங்கள் எப்போதும் எப்படி இருக்கிறோமோ அப்படியே இருக்க வேண்டும் என்றாள். அது மிகவும் நியாயம் என்று மாமா ஒப்புக்கொண்டார். சம்பளம் பேங்கில் விழுந்த அன்றைக்கு ஒரு துணிப்பையில் இரண்டு வேட்டியும் அந்தக் கால்துண்டு சோப்பும் எடுத்துக்கொண்டு ஜெனி வீட்டுக்குக் குடிவந்தார். ஏ.டி.எம். வாசலில் ஜெனி பணத்தைக் கொடுத்தபோது அவர் முகத்தைப் பார்க்க வேண்டுமே. மந்திரி பதவி ஏற்கிறவர்கள்கூட அவ்வளவு நிமிர்ந்து நிற்பதில்லை.

முதல் பத்துப் பன்னிரண்டு நாட்கள் அவருடைய ராஜ்யம்தான். மார்க்கெட்டுக்குக் கடை எடுத்து வைக்கிற நேரம் பார்த்துப் போவார். வியாபாரி கூடையைத் தூக்கித் தலையில் வைத்த பிறகு பேரத்தை ஆரம்பிப்பார். கழுத்து வலி தாங்காமல் அவர் கேட்ட விலைக்கே கொடுத்துவிட்டுப் போய்விடுவார்கள். எண்ணெயை ஸ்பூனால் அளந்தார். ஒரு ஸ்பூன் கூடப் போனால் தாளிப்பு நடக்கும் இடத்திலேயே விசாரணைக் கமிஷன் வைத்தார். ஜெனியின் கண்ணாடி ஒரு பக்கக் காம்பு உடைந்து ஷூ தைக்கிற நூலால் கட்டியிருந்தது. அதைப் பார்த்துவிட்டு, பிழைக்கத் தெரிந்த பெண் என்று தெருவுக்கே கேட்கும்படி பாராட்டினார்.

செய்தி பரவிவிட்டது. தெருமுனை டீக்கடை பாய், மாமா தலை தெரிந்ததுமே ஸ்கோர் கேட்பார். மாமா அரை கிளாஸ் டீயை உயர்த்திப் பிடித்து நாட் அவுட் என்பார். கடை இரண்டு கட்சியாகப் பிரிந்தது. பாய் ஜெனி கட்சி. கறிக்கடைக்காரர் மாமா கட்சி. கம்பெனி பஸ்ஸுக்குக் காத்திருக்கிற பெண்கள் ஜெனியைப் பார்த்ததும், இன்றைக்கு உங்கள் வீட்டில் என்ன குழம்பு என்றுதான் முதலில் கேட்டார்கள். அவள் கத்தரிக்காய் என்றால் மாமாவுக்கு ஒரு ரன், கறி என்றால் ஜெனிக்கு ஒரு ரன்.

செய்தி கம்பெனிக்குள்ளும் போனது. அங்கே அந்தச் சமயம் பெண்கள் எல்லாரும் சேர்ந்து, பல வருடம் வேலை செய்தவர்களுக்குக் கொஞ்சமாவது கூட்டிக் கொடுங்கள் என்று மனு கொடுத்திருந்தார்கள். ஹெச்.ஆர். மேனேஜர் மேற்கே எங்கிருந்தோ புதிதாக வந்த பையன். மரியாதையான பையன்தான். அவன் ஒருநாள் டீக்கடைக்கே வந்து மாமாவைப் பார்த்தான். இதே சம்பளத்தில் ஒரு குடும்பத்தை நடத்திக் காட்டுகிற பெரியவர் நீங்கள்தானா என்று கேட்டுக் கும்பிட்டான். மாதம் முடிந்ததும் எங்கள் கேன்டீனில் வந்து சிக்கனத்தைப் பற்றிப் பேச வேண்டும், எல்லாப் பெண்களும் கேட்பார்கள் என்று அழைத்தான்.

மாமாவுக்குத் தரையில் கால் பாவவில்லை. ஆயுசு முழுக்கப் பந்தியிலும் பஸ் ஸ்டாண்டிலும் பேசியவருக்கு முதன்முதலாக ஒரு மைக் கிடைக்கப் போகிறது. சலவைக்குப் போட்ட வேட்டியைத் திருப்பி வாங்கி, இன்னும் மொடமொடப்பு வேண்டும் என்று மறுபடி போட்டார். சகாயத்தின் வேனுக்குள் உட்கார்ந்து கதவை மூடிக்கொண்டு பேசிப் பழகினார். ஜெனி மட்டும் அன்றைக்கு ராத்திரி சாப்பிடாமல் தட்டைப் பிசைந்துகொண்டிருந்தாள்.

"நீங்க அங்க வந்து போதும்னு சொல்லிட்டுப் போய்டுவீங்க மாமா. மறுநாள் அதே லைன்ல அவங்க நடுவுல நான்தான் உக்காரணும்" என்றாள்.

உண்மையைச் சொல்வதற்கு என்ன பயம் என்று கேட்டார் மாமா. அவள் எழுந்து கை கழுவப் போய்விட்டாள். அந்த வீட்டில் ஒரு சண்டை அப்படி அறுந்துபோனதை நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

அதற்குப் பிறகுதான் மே மாதம் தன் வேலையைக் காட்டியது.

முதலில் வெயில். மாமா குடிவந்த அன்றைக்கே கூடத்து ஃபேன் ரெகுலேட்டரை ஒன்றாம் நம்பரில் திருப்பி, மேலே செல்லோ டேப் ஒட்டிவிட்டார். ஒரு ஞாயிறு மத்தியானம் அனல் அடித்தது. வேர்ப்பது உடம்பு தனக்குத்தானே போட்டுக்கொள்கிற ஏ.சி. என்று மாமா விளக்கிக்கொண்டிருந்தார். நடுவில் பேச்சு நின்றது. திரும்பிப் பார்த்தால் முகம் வெளுத்துச் சுவரில் சாய்ந்திருந்தார். பிளெஸ்ஸி சொம்புத் தண்ணீரைத் தலையில் ஊற்றினாள். கொஞ்சம் தெளிந்ததும் யார் கையும் படாமல் தானே எழுந்துபோய், டேப்பை நகத்தால் சுரண்டி எடுத்து, ஃபேனை ஐந்தில் வைத்தார். மெஷின் ஓடாமலே கிடந்தால் துருப்பிடித்துவிடும், அதற்காகத்தான் என்று எங்களிடம் சொன்னார். துரு பயத்தில் அந்த ஃபேன் அதற்கப்புறம் ஐந்திலேயே ஓடியது.

அடுத்தது கல்யாணங்கள். மே மாதத்தில் எங்கள் பக்கம் பத்திரிகை மழை பெய்யும். ஜெனியோடு வேலை செய்கிற பெண்கள், வேன் பிள்ளைகளின் பெற்றோர், சபைக்காரர்கள், எல்லார் வீட்டிலும் விசேஷம். மாமா ஒரு திட்டம் வைத்திருந்தார். குடும்பத்தின் சார்பில் தான் மட்டும் போவது, வாழ்த்துவது, கொஞ்சமாகச் சாப்பிடுவது, பின்வாசல் வழியாக வந்துவிடுவது. முதல் மண்டபத்தில் பின்வாசலிலேயே மொய் மேஜை போட்டிருந்தார்கள். கம்ப்யூட்டர் வைத்துக்கொண்டு ஒரு பையன் உட்கார்ந்திருந்தான். ஜெனி பெயரைச் சொன்னதுமே, பிளெஸ்ஸி காதுகுத்துக்கு இவர்கள் என்ன வைத்தார்கள் என்பது திரையில் வந்து நின்றது.

"தம்பி, மொய்க்கு மினிமம்னு ஏதாச்சும் இருக்குதா?" என்று கேட்டார் மாமா.

"அதெல்லாம் கெடையாது சார். அவங்க வெச்சதுக்கு மேல கொஞ்சமாச்சும் வெச்சாதான் மரியாத."

மினிமம் இல்லாத ஒரு விஷயத்தை மாமா அன்றைக்குத்தான் முதன்முதலாகச் சந்தித்தார். ஆடிப்போய்ப் பணத்தை எடுத்து வைத்துவிட்டு வந்தார்.

இரண்டாவது கல்யாணத்தில் மொய்க்குப் பதில் உழைப்பைக் கொடுத்துவிடுவது என்று முடிவு செய்து, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு சாம்பார் வாளியைத் தூக்கிவிட்டார். பெண் வீட்டாருக்கு ஒரே சந்தோஷம். ஆனால் மாமா ஒவ்வொரு இலைக்கு முன்னாலும் போய் நின்று, கரண்டியைச் சாய்ப்பதற்கு முன்பே, "போதும்ல?" என்று கேட்டார். பெரியவர் இப்படிக் கேட்கிறாரே என்று ஜனங்கள் கூச்சப்பட்டு, போதும் என்றே சொன்னார்கள். பந்தி முழுக்க வெறும் சோற்றைப் பிசைந்துகொண்டிருந்ததைப் பெண்ணின் தாய்மாமன் கண்டுபிடித்தார். வாளியை மரியாதையாக வாங்கி வைத்துக்கொண்டு, மாமாவை மொய் மேஜைக்கே கையோடு அழைத்துப்போய் விட்டார்.

மூன்றாவது வீட்டிலிருந்து வெற்றிலைத் தட்டோடு வந்தபோது மாமா கொல்லைப்பக்கம் போய் நின்றுகொண்டார். சகாயம்தான் பத்திரிகையை வாங்கி வைத்தார். அதே வாரம் சிலிண்டர் தீர்ந்தது. அடுத்த மாதம் வா என்று சிலிண்டர்காரரிடம் மாமா சொல்லிப் பார்த்தார். அவர் காலி சிலிண்டரைத் தோளில் தூக்கிக்கொண்டு, சமையலையும் அடுத்த மாதம் வைத்துக்கொள்வீர்களா என்று கேட்டாராம். பள்ளிக்கூடத்திலிருந்து ஜூன் மாதக் கட்டணத்துக்கு போனில் செய்தி வந்தது. டீக்கடையில் பாய் ஸ்கோர் கேட்டபோது மாமா, இன்றைக்கு மழையால் ஆட்டம் நின்றிருக்கிறது என்று சொல்லிவிட்டு நடையைக் கட்டினார். வானத்தில் ஒரு மேகம் கிடையாது.

கையில் இருந்தது கரைந்துவிட்டது. அடுத்த சம்பளத்துக்கு இன்னும் நாள் இருந்தது. ஆனாலும் மாமா அசரவில்லை. எங்கேயோ ஓட்டை இருக்கிறது, அதை அடைத்தால் சரியாகிவிடும் என்றார். ஒரு சாயங்காலம் முழுக்க அந்த வீட்டில் எதை வெட்டலாம் என்று தேடினார். நானும் கூட இருந்தேன். கேபிள் எப்போதோ எடுத்தாகிவிட்டது. பால் ஒரே பாக்கெட். பிளெஸ்ஸிக்கு இந்த வருடம் புதுச் சீருடை கிடையாது, மடிப்புப் பிரித்து இறக்கிவிட்டிருந்தாள் ஜெனி. கண்ணாடியை எப்போது மாற்றப் போகிறாய் என்று கேட்டார். ஸ்கூல் பணம் கட்டி முடித்த பிறகு பார்க்கலாம் என்றாள். அவர் சொல்ல நினைத்த சிக்கனம் ஒவ்வொன்றையும் அவள் ஏற்கெனவே செய்து முடித்திருந்தாள். மாமா அலமாரி அலமாரியாகப் போய்க்கொண்டிருந்தார். கடைசியில் சமையல்கட்டில் வெற்றிக் குரல் கேட்டது.

ஒரு பெரிய கோதுமை மாவுப் பாக்கெட்டைத் தூக்கிக்கொண்டு கூடத்துக்கு வந்தார்.

"கெடச்சிடுச்சு. அரிசி துன்ற வீட்ல கோதும மாவு இன்னாத்துக்கு? இந்த வீட்ல சப்பாத்தி யாருக்கும் புடிக்காதேம்மா, எனக்குத் தெரியாதா? மாசாமாசம் இத வாங்கறியா நீ? இதான் ஓட்ட."

ஜெனி தலையைக் குனிந்து பிளெஸ்ஸிக்குப் பின்னல் போட்டுக்கொண்டிருந்தாள். எனக்கு எங்கே பார்ப்பது என்று தெரியவில்லை. ஹாரன் அடிக்காத சகாயம்தான் மெதுவாக வாயைத் திறந்தார்.

"அது உங்களுக்கு மாமா. சக்கர வந்ததுலேர்ந்து நைட்டுக்கு உங்களுக்குச் சப்பாத்திதான போவுது."

மாமா அந்த மாவுப் பாக்கெட்டை இரண்டு கையாலும் பிடித்தபடி நின்றார். இத்தனை வருடமாக டிபன் கேரியரில் வந்ததைச் சாப்பிட்டவர், இந்த மூன்று வாரமாக அதே கூடத்தில் எங்களோடு உட்கார்ந்து சப்பாத்தி சாப்பிட்டவர். பேச்சு சுவாரசியத்தில் தன் தட்டில் சப்பாத்தியும் அடுத்தவர் தட்டில் சோறும் இருப்பதை ஒருநாளும் அவர் பார்த்ததில்லை. தன்னுடைய சின்னப் பென்ஷன் தனக்குப் போதுமாக இருந்தது எதனால் என்று அவர் யோசித்ததும் இல்லை. இந்தச் சம்பளம் போதும் போதும் என்று அவர் வாதாடிய ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் அந்தச் சம்பளத்திலிருந்துதான் அவருக்கு மாவு வந்திருக்கிறது.

"ஏம்மா சொல்லல?" என்று கேட்டார்.

"இதெல்லாமா சொல்வாங்க? எடுத்த எடத்துல வைங்க மாமா, மாவு பிசையணும்" என்றாள் ஜெனி.

அன்றைக்கு ராத்திரி மாமா சாப்பிடும்போது முதன்முதலாக எல்லார் தட்டையும் பார்த்தார். மறுநாள் விடிந்ததும் பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் இருக்கிற செருப்புக் கடைக்குப் போய்க் கணக்கு எழுதுகிற வேலை கேட்டுச் சேர்ந்துவிட்டார். அந்த மாத மிச்ச நாட்களுக்குத் தன் பென்ஷனை எடுத்துச் செலவு செய்தார். அப்படியே கேன்டீன் கூட்டத்துக்கான நாளும் வந்தது. போக வேண்டாம் என்று நான் சொன்னேன். அவர் மொடமொட வேட்டியைக் கட்டிக்கொண்டிருந்தார். என்ன பேசப் போகிறார் என்று ஏதாவது சொன்னாரா என்று ஜெனியைக் கேட்டேன். இல்லை என்றாள்.

ஒரு வேலைக்காக விண்ணப்பம் கொடுக்க வந்தவன் மாதிரி நானும் உள்ளே நுழைந்து கேன்டீன் ஓரத்தில் நின்றுகொண்டேன். லைன் லைனாகப் பெண்கள் வந்து உட்கார்ந்தார்கள். ஹெச்.ஆர். பையன் மாமாவுக்குச் சால்வை போர்த்தி, இதே சம்பளத்தில் சந்தோஷமாக வாழ்ந்து காட்டிய பெரியவர் என்று அறிமுகம் செய்தான். மாமா மைக்கைத் தட்டிப் பார்த்தார். பிறகு மே மாதத்தின் கதையை முதலிலிருந்து ஆரம்பித்தார்.

மார்க்கெட் பேரத்தைச் சொன்னார், சிரித்தார்கள். ஃபேன் கதையைச் சொன்னார், கேன்டீன் அதிர்ந்தது. ஹெச்.ஆர். பையனும் சிரித்தான். சாம்பார் வாளிக்கு வந்தபோது சமையல்காரர்களே கரண்டியைப் போட்டுவிட்டு வெளியே வந்துவிட்டார்கள். அதற்கப்புறம் கண்ணாடிக் காம்பில் கட்டிய நூலைச் சொன்னார். சிரிப்பு கொஞ்சம் கொஞ்சமாக நின்றது. வெளிநாட்டுக்காரன் காலுக்குத் தைக்கிற நூலை எடுத்துக் கண்ணுக்குக் கட்டிக்கொண்டு தைக்கிறாள், அதைப் பார்த்து நான் சபாஷ் என்றேன் என்றார். மாவுப் பாக்கெட் கதைக்கு வந்தபோது அவர் குரல் ஒரு இடத்தில் இறங்கியது.

"மினிமம்னா வாசப்படிங்க. உள்ள வர்றவங்களுக்குக் காட்ற எடம். வந்து இத்தினி வருஷம் ஆனவங்களயும் வாசல்லயே நிக்க வெச்சா எப்டி? நாலு பேரு துன்னா ஒருத்தர் கண்ணாடி மாத்த முடியல. இதப் போய் நான் ஊர் பூரா சொல்லினு திரிஞ்சேன்."

ஹெச்.ஆர். பையன் எழுந்துவிட்டான். நேரமாகிவிட்டது என்று கைக்கடிகாரத்தைக் காட்டி, "போதும் சார், போதும்" என்றான்.

மாமா அவனைத் திரும்பிப் பார்த்தார். கோபமாகப் பார்க்கவில்லை, பாவமாகத்தான் பார்த்தார்.

"போதாது தம்பி" என்றார்.

அந்த வாயிலிருந்து அந்த வார்த்தை வந்ததை நான் நேரில் கேட்டேன். ஊரில் போய்ச் சொன்னபோது பாதிப்பேர் நம்பவில்லை. அந்தப் பெண்கள் கைதட்டிய தட்டலில் அடுத்த கட்டிடத்திலிருந்து மெஷின் ஏதோ உடைந்துவிட்டது என்று ஆட்கள் ஓடிவந்தார்கள். ஜெனி மட்டும் தட்டவில்லை. கண்ணாடியைக் கழற்றி, கட்டு அவிழாமல் பார்த்து, முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

மறுநாள் ஜெனியை ஆபீஸுக்குக் கூப்பிட்டார்கள். அந்தப் பெரியவர் உனக்கு என்ன உறவு என்று கேட்டார்களாம். எங்கள் மாமா என்று சொல்லிவிட்டு, அடுத்து வேலை போகும் என்று நினைத்து நின்றிருக்கிறாள். ஹெச்.ஆர். பையன் கொஞ்சநேரம் பேனாவை உருட்டிவிட்டு, உங்கள் மாமா இன்னும் கொஞ்சம் முன்னாடியே நிறுத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும் என்று மட்டும் சொல்லி அனுப்பிவிட்டான். பேச்சுவார்த்தை இழுத்துக்கொண்டே போய், தீபாவளிக்கு முன்னால் சர்வீஸுக்கு ஏற்ற மாதிரி ஒரு தொகை சேர்த்துக் கொடுத்தார்கள். பெரிய தொகை இல்லை. ஆனால் நேற்றுச் சேர்ந்த பெண்ணுக்கும் ஜெனிக்கும் ஒரு வித்தியாசம் வந்தது. மனு கொடுத்த பெண்கள் விடாமல் நின்றதால் வந்தது அது. மாமா, தன் பேச்சினால் வந்தது என்றார். அந்தப் பெண்களும் போனால் போகிறது என்று விட்டுவிட்டார்கள். செருப்புக் கடைச் சம்பளம் வந்த முதல் மாதமே அவர் ஜெனியைக் கண்ணாடிக் கடைக்கு இழுத்துக்கொண்டு போனார். ஃபிரேம் மலிவாக எடுத்தாளென்று கடையிலேயே சண்டை போட்டார்.

இதெல்லாம் நடந்ததால் மாமா தோற்றதை ஒப்புக்கொண்டார் என்று நினைத்தீர்களானால், உங்களுக்கு அவரை இன்னும் தெரியவில்லை. கேன்டீனில் சொன்னதோடு சரி. அடுத்த வாரமே, குறைந்தபட்சக் கூலி போதாது என்று தான்தான் ஆதியிலிருந்து சொல்லிக்கொண்டு வந்ததாகவும், ஊர்க்காரர்களுக்குத்தான் புரியவில்லை என்றும் பேச ஆரம்பித்துவிட்டார். ஜெனி கட்சியில் இருந்த டீக்கடை பாயையே பிடித்துக்கொண்டு, நீ எப்படிப் போதும் என்று சொல்லலாம் என்று சட்டையைப் பிடிக்காத குறையாகச் சண்டை போட்டார். பாய் பேஜாராகிப்போய், நான் எப்போது மாமா அப்படிச் சொன்னேன் என்று எல்லாரையும் சாட்சிக்குக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார். ஞாயிற்றுக்கிழமைகளில் ஜெனியிடமும் அதே வேகம். நீ கேட்டது பத்தாது, நீ கேட்கத் தெரியாமல் கேட்கிறாய் என்று ஆரம்பிப்பார். அவரை அடக்குவதற்காக அவள், பரவாயில்லை மாமா, சமாளிக்கலாம் என்று எதிர்க்கட்சியில் போய் உட்கார வேண்டியதாயிற்று.

ஒவ்வொரு ஞாயிறும் அவர் கிளம்பிப் போனதும் ஜெனி தலையைப் பிடித்துக்கொண்டு, ஒரே ஒரு வாரம் இந்த மனிதர் வராமல் இருந்தால் நிம்மதியாகத் தூங்குவேன் என்பாள்.

போன மாதம் ஒரு ஞாயிறு அவர் வரவில்லை.

ஆராதனை முடிந்து எல்லாரும் வந்துவிட்டோம். குழம்பு இறக்கியாயிற்று. வழக்கமான நேரம் தாண்டியது. போன் எடுக்கவில்லை. சகாயம் மாடி அறைக்குப் போய்ப் பார்த்துவிட்டு, பூட்டியிருக்கிறது என்று வந்து நின்றார். ஜெனி சாப்பாடு போடவில்லை. வாசலுக்கும் அடுப்புக்குமாக நடந்தாள். சர்க்கரை வியாதிக்காரர், வெயிலில் எங்கே விழுந்தாரோ என்றாள். நைட்டிமேல் ஒரு துண்டைப் போட்டுக்கொண்டு இறங்கி நடந்தாள். நான் பின்னாலேயே ஓடினேன். கண்ணாடிக் கடை, செருப்புக் கடை, பஸ் ஸ்டாண்டு எல்லாம் பார்த்துவிட்டுத் திரும்பும்போது டீக்கடை பாயின் வீட்டுக்குள்ளிருந்து அந்தக் குரல் கேட்டது.

உள்ளே பாயின் கூடத்தில் சப்பணம் போட்டு உட்கார்ந்திருந்தார் மாமா. முன்னால் பாய் வீட்டுப் பிரியாணி ஆறிக்கொண்டிருந்தது. டீ மாஸ்டருக்கு எவ்வளவு சம்பளம் கொடுத்தால் அவன் குடும்பம் நடத்த முடியும் என்று கையை வீசிவீசிப் பேசிக்கொண்டிருந்தார். பாய் கன்னத்தில் கை வைத்துக் கேட்டுக்கொண்டிருந்தார்.

ஜெனி வாசலில் நின்று மூச்சு வாங்கினாள். பாய் எழுந்து, உள்ளே வாம்மா என்றார். அவள் மாமாவைத்தான் பார்த்தாள்.

"சண்ட போடணும்னா நம்ம வீட்டுக்கு வாங்க மாமா. மத்தவங்க வீட்ல வந்து இன்னாத்துக்குப் போடறீங்க? சாப்பாடு எடுத்து வெச்சுட்டு எத்தினி நேரமா பாக்கறது?"

யார் என்ன சொன்னாலும் அதற்கு மேல் ஒரு வார்த்தை சொல்லியே பழகிய மனிதர். வாயைத் திறந்தார். அவள் முகத்தைப் பார்த்தார். மூடிக்கொண்டார். பாயிடம் கண்ணாலேயே விடை கேட்டுக்கொண்டு எழுந்தார், வாசலில் கிடந்த செருப்பை மாட்டினார், அவள் பின்னால் நடந்தார். தெருமுனை வரைக்கும் நானும் பின்னாலேயே நடந்து பார்த்தேன். ஒரு வார்த்தை மறுத்துப் பேசவில்லை.